பெட்டையும் பொலிகுதிரையும்: தக்காணக் குதிரை இனப்பெருக்க வரலாற்றில் ஐதராபாத்

முன்னுரை

தமிழகத்தின் குதிரை வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் குதிரை வாணிகத்தையே ஆராய்ந்துள்ளனர். கடல்வழி வந்த புரவிகள், அவற்றைக் கொணர்ந்த அராபிய வணிகர், இடைநின்று விற்ற குதிரைச் செட்டிகள், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய பாண்டியரும் சோழரும் விசயநகர வேந்தரும் எனச் செய்திகள் மிகுதியாகத் தொகுக்கப்பட்டுள்ளன. ஆயின் இறக்குமதியான குதிரைகள் இம்மண்ணில் ஏன் பெருகவில்லை என்னும் வினாவுக்கு, ‘தட்பவெப்பம் ஒவ்வாமை’ என்ற ஒரே விடையே நீண்ட காலமாகக் கூறப்பட்டு வருகின்றது. அவ்விடை முழுமையானதன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஒரு குதிரை இனம் நிலைபெற மூன்று தேவை: நல்ல பெட்டை, அதற்கு ஏற்ற பொலிகுதிரை, இரண்டின் வழிமரபையும் குறித்து வைக்கும் நினைவு. இம்மூன்றில் தமிழகத்தார் பெரும்பொருள் செலவிட்டது ஆண்குதிரைகளை வாங்குவதற்கே. தக்காணத்திலோ பெட்டையைப் பேணும் குடிகள் இருந்தன. பிற்காலத்தில் ஐதராபாத் பந்தயக் களத்தின் வழியாகப் பதிவேட்டு முறையும் அந்நிலப்பகுதிக்கு வந்து சேர்ந்தது. பந்தயத்தினின்று ஓய்வு பெற்ற ஒரு பெட்டைக்குப் பொலிகுதிரை தேர்ந்தெடுக்கும் இன்றைய நெறியைப் பழைய குதிரை நூல்களின் நெறியோடு ஒப்பிட்டு நோக்கின், தமிழகத்தில் நேர்ந்த குறை எதுவென்பது தெளிவாகும்.

சொல்லும் வழக்கும்

குதிரை தமிழர்க்கு முற்றிலும் அயலான விலங்காக இருந்ததில்லை என்பதைச் சொற்களே காட்டும். தொல்காப்பிய மரபியல் குதிரையின் பெண்பாலுக்குப் பெட்டை என்னும் பெயரை வகுக்கின்றது. ஒட்டகம், கழுதை ஆகியவற்றோடு சேர்த்து அது குதிரையை எண்ணுகின்றது. குதிரையின் இளமைக்குக் கன்று என்னும் பெயர் உரியது என்கின்றது. ஆண்குதிரையைச் சேவல் என வழங்குவதும் வழக்கில் உண்மையால் கடியப்படாது எனவும் உரைக்கின்றது. ஆண், பெண், இளமை மூன்றுக்கும் மரபுப்பெயர் வகுக்கப்பட்டமையின், குதிரை ஈனுவதையும் அதன் கன்று வளர்வதையும் கண்டறிந்தோர் இந்நிலத்தில் இருந்தனர் எனக் கொள்வதில் தவறில்லை.

சேவல் என்னும் வழக்கு பிற்காலத்தில் பறவைக்கே உரியதாக நின்றுவிட்டது. இனப்பெருக்கத்துக்கென நிறுத்தப்படும் ஆண்மாட்டைப் பொலிகாளை, பொலியெருது எனக் கூறும் உழவர் வழக்கையொட்டி, அத்தகைய ஆண்குதிரை பொலிகுதிரை எனப்படுகின்றது. இக்கட்டுரையும் அச்சொல்லையே கையாள்கின்றது.

நிகண்டுகளில் குதிரைக்குரிய பெயர்கள் பல உள. நிறம் பற்றியும் நடை பற்றியும் பிறந்த நாடு பற்றியும் அவை வேறுபடும். இப்பெயர்ப் பெருக்கம் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. எதிரே நிற்கும் குதிரையை இன்ன வகை என்று பிரித்தறியும் அறிவு இங்கு மிக நுட்பமாக வளர்ந்திருந்தது. அதன் தாய் எது, தந்தை எது எனச் சுட்டும் சொற்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

வாங்குவோர் அறிவும் வளர்ப்போர் அறிவும்

இந்தியக் குதிரை நூல் மரபு சாலிகோத்திரர் பெயரால் வழங்குவது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரம் ஓவியங்களுடன் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் பேணப்பட்டு, 1952இல் அச்சேறியது. கலியாணிச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசமும் குதிரை இலக்கணத்தை விரித்துரைக்கின்றது. அவ்வேந்தனின் தலைநகரான கலியாணி, பிற்காலத்தில் ஐதராபாத் அரசின் எல்லைக்குள் அடங்கிய ஊராகும். பாமினி மன்னர் காலத்தில் சாலிகோத்திர மரபு பாரசீக மொழிக்கும் பெயர்க்கப்பட்டது. ஆகத் தக்காணம் வடமொழிக் குதிரை நூலும் பாரசீகக் குதிரை நூலும் சந்தித்த களமாக விளங்கியது.

இந்நூல்களின் பொருளமைதி கருதத்தக்கது. நிறம், உடலிலுள்ள சுழிகளின் இடமும் எண்ணும், குரல், மணம், நடை, பல் கொண்டு அறியும் வயது, நோய், மருந்து ஆகியவற்றுக்கே அவை பெரும்பகுதியை ஒதுக்குகின்றன. தமிழில் இதற்கு நிகரான பகுதி திருவிளையாடற் புராணத்தில் உண்டு. நரியைப் பரியாக்கிய வரலாற்றில், குதிரை வணிகனாக வந்த இறைவன் பாண்டியனுக்குக் குதிரை இலக்கணம் கூறி ஒப்படைக்கின்றான். சந்தையில் நிற்கும் வணிகனும் விலை கொடுக்கும் வேந்தனும் உரையாடும் சூழலே அங்கு அமைந்துள்ளது. ஆவுடையார்கோயில் சிற்பங்களிலும் இறைவன் குதிரைச் சேவகனாகவே காட்சி தருகின்றான்.

இதனை ‘வாங்குவோர் அறிவு’ எனலாம். சுழி பார்ப்பது, ஏமாறாமல் ஒரு குதிரையை வாங்குவதற்கு உதவும் நெறி. இந்தப் பெட்டைக்கு எந்தப் பொலிகுதிரையைச் சேர்த்தால் எத்தகைய கன்று பிறக்கும் என்பது வேறு வினா. அவ்வினாவுக்குக் குதிரையின் உடலை மட்டும் நோக்கி விடை காண இயலாது. முன்பு அவ்விரு மரபிலும் பிறந்த கன்றுகள் எவ்வாறு ஓடின, எவ்வாறு உழைத்தன என்னும் நினைவு வேண்டும். அதுவே ‘வளர்ப்போர் அறிவு’.

மார்க்கோ போலோவின் கூற்று

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை மன்னன் வாங்குகின்றான் எனவும், ஆண்டின் இறுதியில் அவற்றுள் 100கூட எஞ்சுவதில்லை எனவும் குறிப்பிடுகின்றார். பேணத் தெரிந்தோர் இன்மையே சாவுக்குக் காரணம் என்பதும், குதிரை மருத்துவர் இந்நாட்டுக்கு வாராதபடி வணிகர்களே தடுத்தனர் என்பதும் அவர் கூற்று. சிறந்த பெட்டையைச் சிறந்த ஆண்குதிரையோடு சேர்த்தாலும் கால் கோணிய, ஏறுதற்கு உதவாத கன்றே பிறக்கின்றது என்பதும் அவர் தரும் செய்தியே. தட்பவெப்பக் கொள்கைக்கு மூலச் சான்றாக இன்றுவரை காட்டப்படுவது இச்செய்தியாகும்.

சில ஆண்டுகள் கழித்து எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், கீசுத் தீவின் வணிகத் தலைவர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மாபாருக்கு அனுப்பும் உடன்பாடு இருந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் எனவும் கூறுகின்றார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது. வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்டுச் சமைத்த தானியமும் காய்ச்சிய பாலும் குதிரைகளுக்கு ஊட்டப்பட்டன என்று வியப்போடு எழுதுகின்றார். பிழையான தீனியும் பேணுதற் குறையும் அவர் எழுத்தில் முன்னிற்கின்றன.

இவ்விரு சான்றுகளையும் இணைத்து நோக்கின், கால் கோணிய கன்று வானிலையின் விளைவு மட்டுமே எனத் துணிய இயலாது. சினைப் பெட்டைக்கும் வளரும் கன்றுக்கும் சுண்ணாம்புச் சத்தும் எரியச் சத்தும் உரிய அளவில் கிடைக்காவிடின் எலும்பு கோணும் என்பது இன்றைய கால்நடை மருத்துவம் அறிந்த உண்மை. சோறும் நெய்யும் அந்தச் சத்துகளை ஈடுசெய்யா. ஈரமிக்க கடற்கரை நிலத்தில் உண்ணிக்கடியும் ஈக்கடியும் மிகுதி. கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா நோய் குதிரைக்குக் கொடியது. எனவே நிலத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆயின் அதனினும் பெரிய தடை ஒன்று இருந்தது. அராபியர் தம் பெட்டைகளை உயிரினும் மேலாகப் போற்றியவர். போருக்கும் பெட்டையையே ஏறியவர். அவற்றை எளிதில் விற்காதவர். கடல் கடந்து வந்த கூட்டத்தில் ஆண்குதிரைகளே மிகுந்திருந்தமைக்கு இதுவே காரணம். இனத்தின் சரிபாதி அராபியரின் கூடாரத்திலேயே தங்கிவிட்டது.

வணிகர்க்கு இந்நிலை ஊதியம் தந்தது. இறக்கும் குதிரைக்கு மாற்றுக் குதிரை ஆண்டுதோறும் விலைபோயிற்று. விசயநகர காலத்தில் போர்த்துகீசியர் அவ்விடத்தைப் பிடித்தனர். 1547இல் அவர்கள் விசயநகரத்தோடு செய்த உடன்படிக்கையில் குதிரை வாணிகம் முதன்மை பெற்றது. படைவலிமையின் திறவுகோல் அயலார் கையில் இருந்தது என்பதே இதன் பொருள்.

பீமா ஆற்றங்கரைப் பெட்டைகள்

தக்காணத்தின் வடமேற்கில் நிலைமை வேறு. பீமா, நீரா, மாண் ஆறுகளின் கரைகளில் பீம்தடி எனப்படும் குதிரை இனம் உருவாகியது. உருவிற் சிறிது, உழைப்பிற் பெரிது. கடலோரம் வழியே வந்த அராபிய, பாரசீகப் பொலிகுதிரைகளும் உள்நாட்டு மட்டப் பெட்டைகளும் கலந்து பிறந்த இனம் அது. மராட்டியப் படையின் விரைவுக்கு இவ்வினமே அடிப்படை. இந்த இனம் அண்மை ஆண்டுகளில் தேசிய அளவில் தனி இனமாகப் பதிவு பெற்றுள்ளது.

இங்குக் குதிரை பெருகியதற்கு வறண்ட மேட்டுநிலப் புல் ஒரு காரணம். உடைமை முறை மற்றொரு காரணம். மராட்டியப் படையில் அரசின் குதிரையை ஏறுவோர் பார்கீர் எனவும், தன் குதிரையோடு வந்து சேவிப்போர் சில்லேதார் எனவும் பகுக்கப்பட்டனர். சில்லேதார்க்குக் குதிரையே முதல். அது இறந்தால் அவன் பிழைப்பு இழக்கும். ஆகவே அவன் பெட்டையை விரும்பினான். பெட்டை அமைதியாக நிற்கும். போர் இல்லாத காலத்தில் கன்று ஈனும். அக்கன்று அடுத்த தலைமுறையின் முதலாகும். எந்தப் பொலிகுதிரையைச் சேர்ப்பது என்னும் வினா அவனுக்குக் குடும்பத்தின் வாழ்வு பற்றியதாக இருந்தது. அரசன் பண்டாரத்திலிருந்து பொன் கொடுத்து வாங்கிய குதிரைக்கு அத்தகைய உறவினர் எவரும் இலர்.

நிசாம் அரசின் குதிரைப்படையும் இம்முறையைப் பின்பற்றியது. 1790இல் இரண்டாம் ஆசப் சா காலத்தில் திரட்டப்பட்ட குதிரைப்படையின் வழித்தோன்றலே இந்தியப் படையின் தக்காணக் குதிரைப்படை. இடையில் ஐதராபாத் துணைப்படை என வழங்கிய காலத்திலும் சில்லேதார் முறை அதில் நிலைத்திருந்தது. முதல் உலகப்போர்க் காலம் வரை அது நீடித்தது. அன்று நிசாம் அரசில் அடங்கியிருந்த நாந்தேடு மாவட்டத்து மாளேகாவில் கண்டோபா கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை இன்றும் புகழ்பெற்றது. அங்கே குதிரையோடு அதன் மரபும் வாய்மொழியாகக் கைமாறியது.

பொலிகுதிரையை மட்டும் மாற்றினால் இனம் உயரும் என்று நம்பியோரும் உளர். கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் நடத்திய குதிரைப் பண்ணைக்கு 1808இல் பொறுப்பேற்ற வில்லியம் மூர்கிராப்ட், சிறந்த பொலிகுதிரைகளைத் தேடி 1819இல் பயணம் புறப்பட்டுப் புகாரா வரை சென்று, 1825இல் திரும்பும் வழியிலேயே உயிர்நீத்தார். பெருஞ்செலவுக்குப் பின் அப்பண்ணை முறை 1870களில் கைவிடப்பட்டது. அதன்பின் அரசின் பொலிகுதிரைகளை மாவட்டந்தோறும் நிறுத்தி, குடியானவரின் தேர்ந்த பெட்டைகளுக்குச் சேர்க்கும் முறை வந்தது. பெட்டை குடியானவன் கொட்டிலில் இருக்கின்றது என்னும் உண்மையை ஆங்கில அரசும் காலம் தாழ்த்தியே உணர்ந்தது.

மலக்பேட்டும் பதிவேடும்

ஐதராபாத்தில் குதிரைப் பந்தயம் 1868இல் மௌலா அலியில் தொடங்கியது. 1886இல் ஆறாம் நிசாம் மீர் மகபூப் அலிகான் காலத்தில் மலக்பேட்டுக்கு மாறியது. 19ஆம் நூற்றாண்டு இந்தியப் பந்தயங்களில் பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்த அராபியக் குதிரைகளே பெரும்பங்கு பெற்றன. அக்காலப் பந்தயமும் வாங்குவோர் உலகமே. குதிரை வரும், ஓடும், முதுமையடையும், அடுத்த ஆண்டு வேறொன்று வரும்.

இந்நிலையை மாற்றியது தரோபிரெட் எனப்படும் ஆங்கிலப் பந்தயக் குதிரை இனமும் அதன் மரபுப் பதிவேடுமே. இவ்வினத்தின் வரலாறு தமிழ் ஆய்வாளர் ஊன்றி நோக்கத்தக்கது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தும் கீழைநாட்டு ஆண்குதிரைகளை இறக்குமதி செய்தது. அவற்றுள் பையர்லி துருக்கி, டார்லி அராபியன், கோடால்பின் அராபியன் ஆகிய மூன்றே இன்றைய இனத்தின் தந்தைவழி முதல்வராயின. டார்லி அராபியன் 1704இல் அலெப்போவிலிருந்து சென்றது. இன்றைய பந்தயக் குதிரைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தந்தைவழியில் அந்த ஒரு குதிரையையே சார்ந்தவை என்பதை மரபணு ஆய்வுகளும் காட்டியுள்ளன. பாண்டியன் ஓராண்டில் வாங்கிய எண்ணிக்கையோடு ஒப்பிட, அங்குச் சென்ற குதிரைகள் மிகச் சில. ஆயினும் அங்கே அவற்றைச் சேர்த்த பெட்டைகள் போற்றப்பட்டன. பிறந்த கன்றுகள் பந்தயத்தில் சோதிக்கப்பட்டன. 1791 முதல் மரபுப் பதிவேடு அச்சிடப்பட்டது. இறக்குமதி இனமாக மாறியது இவ்வாறே.

இந்தியாவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உள்நாட்டில் பிறந்த குதிரைகளுக்கெனத் தனிப் பந்தயங்கள் பெருகின. 1943இல் பம்பாயில் முதன்முதல் நடந்த இந்திய டெர்பியை வென்ற பிரின்சஸ் பியூட்டிபுல் ஒரு பெட்டை என்பது நினைவுகூரத்தக்கது. புணேயில் இயங்கும் மரபுப் பதிவேட்டு ஆணையம் இன்று ஒவ்வொரு கன்றின் தாய் தந்தையரையும் மரபணுச் சோதனையால் உறுதிசெய்து பதிகின்றது. மலக்பேட்டில் நடக்கும் தக்காண டெர்பி, கோல்கொண்டா டெர்பி, பெட்டைகளுக்கே உரிய கோல்கொண்டா ஓக்ஸ் ஆகியவற்றின் முடிவுகள் பரிசுத் தொகையோடு முடிந்துவிடுவதில்லை. ஓய்வு பெற்றபின் எந்தப் பெட்டை பண்ணைக்குச் செல்லும் என்பதையும் அவை முடிவு செய்கின்றன.

பொலிகுதிரைத் தேர்வின் இன்றைய நெறி

பெட்டை பதினொரு திங்கள் சுமந்து ஆண்டுக்கு ஒரு கன்றே ஈனும். தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டல் ஏற்கப்படுவதில்லை. இயற்கைச் சேர்க்கையே பதிவுக்கு உரியது. இன்று சேர்த்த பெட்டையின் கன்று அடுத்த ஆண்டு பிறந்து, இரண்டு மூன்று வயதில் களம் காணும். தேர்வு சரியா தவறா என்பது தெரிய நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் அப்பெட்டை மேலும் சில கன்றுகளை ஈன்றிருக்கும். பொலிகுதிரைக்கு ஒரு பருவத்தில் பல பெட்டைகள்; பெட்டைக்கோ வாழ்நாளில் எண்ணத்தக்க வாய்ப்புகளே. ஆகவே தேர்வின் சுமை பெட்டையின் பக்கமே மிகுதி.

வளர்ப்போர் நோக்கும் கூறுகளை நான்காகத் தொகுக்கலாம். முதலாவது உடலமைதி. பெட்டையின் முன்னங்கால் உள்வளைந்ததாயின் நேரிய காலுடைய பொலிகுதிரை வேண்டும். பெட்டை சிறிதாயின் எலும்புரம் மிக்கது வேண்டும். ஒரே குறை இரு பக்கமும் அமையலாகாது. இரண்டாவது ஓட்டத்தின் தொலைவு. 1,200 மீட்டரில் வென்ற பெட்டைக்கு 2,400 மீட்டர் குதிரையைச் சேர்ப்பதா, விரைவை மேலும் கூர்மையாக்குவதா என்பது வளர்ப்போன் குறிக்கோளைப் பொறுத்தது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்று தொலைவுத் திறனோடு தொடர்புடையது என 2010இல் அயர்லாந்து ஆய்வாளர் வெளியிட்டபின், இதனைச் சோதனையால் அறியவும் வழி பிறந்தது.

மூன்றாவது குருதி உறவு. மூன்றாம் நான்காம் தலைமுறையில் ஒரே மூதாதை இருபுறமும் வருமாறு சேர்ப்பதை விரும்புவோர் உளர். அது நற்பண்பை நிலைப்படுத்தலாம். மறைந்த குறையையும் வெளிப்படுத்தலாம். நான்காவது பொலிகுதிரையின் சான்று. தான் வென்ற பந்தயங்களைவிடத் தன் கன்றுகள் வென்ற பந்தயங்களே அதன் தகுதி. புகழ்மிக்க ஓட்டக் குதிரைகள் பல தந்தையாகத் தோற்றதுண்டு. தாய்வழியின் சிறப்பை 1895இல் வெளிவந்த புரூசு லோவின் எண்முறை வலியுறுத்தியது. அவர் வகுத்த தரவரிசை பின்னர்க் கைவிடப்பட்டாலும், பெட்டைக் குடும்பங்களை எண்ணிட்டுக் குறிக்கும் வழக்கு நிலைபெற்றது.

சுழி நூலும் இந்நெறியும் எங்கே வேறுபடுகின்றன என்பது இப்போது புலனாகும். சுழி நூல் குதிரையை அதன் உடலோடு நிறுத்தி மதிப்பிடுகின்றது. மரபுப் பதிவேடு அக்குதிரையை முன்னோர்க்கும் பின்னோர்க்கும் நடுவில் நிறுத்தி மதிப்பிடுகின்றது. தவறிய தேர்வுகளையும் அது மறைக்காமல் குறித்து வைக்கின்றது. அறிவு வளர்வது அக்குறிப்பினால்தான்.

இப்பதிவேட்டின் மறுபக்கத்தையும் சுட்டுதல் கடன். ஓய்வு பெறும் பெட்டைகள் யாவும் பண்ணைக்குச் செல்வதில்லை. வென்ற பெட்டைக்கும் நல்ல தாய்வழி உடையதற்குமே இடம் உண்டு. பதிவேட்டில் கன்றின் பெயர் வராத பெட்டையின் எஞ்சிய வாழ்வை எந்த ஏடும் குறிப்பதில்லை. வாய்மொழி மரபில் வாழ்ந்த சில்லேதாரின் பெட்டைக்கு அந்நிலை நேரவில்லை. ஓடாத நாளிலும் அது வீட்டு முதலாகவே இருந்தது.

ஓசூர் தரும் சான்று

தமிழ் மண்ணில் குதிரை பெருகாது என்னும் கூற்றுக்கு ஓசூரை அடுத்த மத்திகிரி கால்நடைப் பண்ணை நேரான மறுப்பு. 1824இல் படைக்குதிரைகளுக்கெனத் தோற்றுவிக்கப்பட்ட பண்ணை அது. பிற்காலத்தில் அங்குக் கத்தியவார் இனக் குதிரைகளும் வளர்க்கப்பட்டன. அதற்கு மேற்கே, மைசூர் மேட்டுநிலத்தில், திப்பு சுல்தான் காலத்துப் படைக்குதிரைகளோடு தொடர்புடைய குணிகல் பண்ணை பிற்காலத்தில் பந்தயக் குதிரைகளை ஈன்றது. இவ்விரண்டும் கடற்கரையினின்று உயர்ந்த, ஈரம் குறைந்த நிலங்கள். பாண்டியர்க்கு அந்நிலம் எட்டவில்லை எனலாம். ஆயின் சோழர்க்கும் போசளர்க்கும் விசயநகரத்தார்க்கும் அது எட்டாத நிலம் அன்று. நிலம் இருந்தும் பண்ணை மரபு தோன்றாமைக்கு, கடல்வழி வரும் குதிரையை ஆண்டுதோறும் வாங்க இயன்ற செல்வமே ஒரு காரணமாயிற்று. வாங்க இயன்றவன் வளர்க்கக் கற்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. தமிழகக் குதிரை நூல் அறிவு பெரும்பாலும் வாங்குவோர் அறிவாக வளர்ந்தது. மார்க்கோ போலோவின் கூற்றைத் தட்பவெப்பச் சான்றாக மட்டும் கொள்ளாமல், தீனி, பேணுதல், பெட்டையின்மை ஆகியவற்றின் சான்றாகவும் கொள்ளுதல் வேண்டும். தக்காணத்தில் பெட்டை குடியானவனின் உடைமையாக இருந்தமையால் உள்நாட்டு இனம் நிலைத்தது. அந்நிலத்தின் நகரான ஐதராபாத்தில், பந்தயக் களம் பெட்டையின் தகுதியைச் சோதிக்கும் இடமாகவும், பதிவேடு அத்தகுதியை நினைவில் வைக்கும் கருவியாகவும் அமைந்தன.

இனிவரும் ஆய்வுகள் குதிரைச் செட்டிகளின் கல்வெட்டுகளோடு நின்றுவிடாமல், பெட்டை, கன்று, மேய்ச்சல் நிலம், குதிரைப்பந்தி, தீனிக் கொடை பற்றிய குறிப்புகளையும் தனியே தொகுத்து நோக்குதல் வேண்டும். அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் இன்றும் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தும் வளர்ப்போரிடம், தாய்க்குதிரையின் பெயர் கேட்டுத் தொடங்கும் களஆய்வு அதற்கு நல்ல முதற்படியாகும். மரபியல் ஆசிரியர் பெட்டைக்கும் கன்றுக்கும் பெயர் வகுத்துச் சென்றார். அவற்றின் வரலாற்றை எழுதும் கடமை எஞ்சியுள்ளது.